அப்பா கேட்ட கச்சேரி

சென்ற மாதம் அப்பாவைச் சேலத்தில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். பரிசோதனை முடிந்ததும் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பிலும் இடது காதுக்கு நீலத்திலும் இரண்டு கோடுகள் அதில் இருந்தன. 250, 500 என்று ஹெர்ட்ஸ் கணக்கில் தாழ்ந்த ஒலிகளைக் குறித்திருந்த இடப்பக்கத்தில் இரண்டு கோடுகளும் ஏறத்தாழச் சமதரையில் நடந்து வந்து, 2000ஐத் தாண்டியவுடன் ஏற்காட்டு மலை அடிவாரத்தை நோக்கி இறங்குவதைப் போலச் சரிந்து, 4000க்கு அருகில் பள்ளத்தில் விழுந்து கிடந்தன. முப்பது வருடம் தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்குப் படம் இப்படித்தான் வரும் என்று மருத்துவர் சொன்னார். உட்காதில் மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன; ஓயாத பேரொலியில் முதலில் சாவது உயர்ந்த ஒலிகளை வாங்குபவை; செத்தவை மறுபடி முளைப்பதில்லை. அதனால் அப்பாவுக்கு மேளத்தின் அடி கேட்கும், லாரியின் உறுமல் கேட்கும், ‘ஆ’, ‘ஓ’ என்ற உயிரொலிகளும் ஓரளவு கேட்கும். பேச்சைப் பேச்சாக்குகிற ச, த, க போன்ற மெய்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி நினைவுக்கு வந்தது. பெங்களூரு அரண்மனை மைதானத்தில், கறுப்புச் சட்டைக் கூட்டத்தின் நடுவே, வெள்ளை வேட்டி கட்டிய அப்பாவை நிறுத்திவைத்து, நான் உயிராக நினைத்த அயர்ன் மெய்டன் இசைக்குழுவைக் காட்டிய நாள் அது. அன்று நாங்கள் இருவரும் ஒரே கச்சேரியைக் கேட்டோம் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு கொண்டலாம்பட்டியில். வீட்டை ஒட்டிய பட்டறையில் நான்கு விசைத்தறிகள். வேட்டியும் துண்டும் ஓடும். சில மாதங்களில் அரசின் இலவச வேட்டி சேலைத் திட்டத்துக்கான துணி ஓடும். தறி என்றதும் குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் சாந்தமான படத்தைக் கற்பனை செய்பவர்கள் விசைத்தறிப் பட்டறைக்குள் ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டும். குறுக்கிழையை இழுத்துப்போகும் மரநாடா நிமிடத்துக்கு 120 தடவைக்கு மேல் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு அடித்துத் தள்ளப்படும். ஒவ்வொரு அடிக்கும் இரும்பும் மரமும் மோதும். நான்கு தறிகளும் ஒன்றோடொன்று இசையாமல் தனித்தனியாக ஓடும். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வைத்திருக்கும் வரம்பையெல்லாம் எங்கள் பட்டறை காலைக் காப்பிக்கு முன்பே தாண்டிவிடும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்றுகூட அங்கே எவரும் நினைத்ததில்லை. தறியின் ஓசை மாறினால்தான் கோளாறு எங்கே என்று தெரியும். காதை அடைத்தவன் எப்படித் தறி ஓட்டுவான் என்பார் அப்பா.

அந்தச் சத்தத்துக்குள் பேச்சு எடுபடாது. ஆகவே எங்களுக்கு ஒரு கைமொழி இருந்தது. பட்டறைக்குப் பட்டறை அது சற்று மாறும். எங்களுடையதில் கை முஷ்டியைப் பக்கவாட்டில் ஆட்டினால் தறி ஓடுகிறது என்று பொருள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பட்டென்று விலக்கினால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்து அசையாமல் பிடித்தால் தறி நின்றுவிட்டது, அல்லது நிறுத்து. முகத்தில் கேள்வியை வைத்துக்கொண்டு அதையே செய்தால், ஏன் நிற்கிறது? சாப்பாடு, தண்ணீர், பாவுக்காரர் வந்திருக்கிறார், கடன்காரர் வந்திருக்கிறார், நான் இல்லையென்று சொல் என எல்லாவற்றுக்கும் கை இருந்தது. கூடவே உதட்டைப் படிக்கும் பழக்கமும் உண்டு. அம்மா தெருமுனையில் நின்று வாயசைத்தாலே அப்பாவுக்குச் செய்தி போய்விடும். இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். ஓடும் தறியின் சட்டத்தின் மேல் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார் அப்பா. பேரிங் தேய்ந்திருக்கிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்று கை சொல்லிவிடும்.

அயர்ன் மெய்டன் எனக்கு ஏற்காட்டில் கிடைத்தது. அம்மாவின் தம்பி அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் என்னைச் சேலத்து வெயிலிலிருந்து மேலே அழைத்துப்போவார். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். ஏறத்தாழ ஏழாவது வளைவில் காற்றின் மணம் மாறும். தோட்டத்து முதலாளி வீட்டுக்கு வந்திருந்த பெங்களூரு விருந்தாளி யாரோ ஜீப்பில் மறந்துவிட்டுப்போன ஒலிநாடா ஒன்றை மாமா அன்று போட்டார். முதலில் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் வந்தது, மழை மலைமேல் நகர்ந்து வருவதைப் போல. பிறகு மேளமும் கிட்டாரும் ஒன்றாக இறங்கின. மாமா இரண்டு வளைவுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள இது, உங்கப்பன் பட்டறையில மைக்க வெச்சுப் பதிஞ்ச மாதிரி இருக்குது” என்றார். நாடாவை எனக்கே கொடுத்துவிட்டார்.

அது 2001ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த கச்சேரியின் பதிவு. அடுத்த ஆண்டு வெளியானது. முன்னால் நின்றவர்கள் இரண்டரை லட்சம் பேர் என்பார்கள். குழுவைப் பற்றி நான் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். 1975இல் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கியது. அவர் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் பேஸ் கிட்டார்காரர். வில்லையைப் பயன்படுத்தாமல் வெறும் விரல்களாலேயே தந்தியை மீட்டி, குதிரை பாய்ந்தோடுவதைப் போன்ற ஓர் ஓட்டத்தை உண்டாக்குவார், ஒரு நீண்ட அடி, இரண்டு குட்டையடி, மறுபடி ஒரு நீண்ட அடி என்று. பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகி 1999இல் திரும்பியபோது பழைய கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் உடன் வந்தார். இருந்தவர்களை அனுப்பாமல் மூன்று கிட்டார்களோடு குழு தொடர்ந்தது. இருக்கிறவனை விரட்டாமல் போனவனையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது, சிற்றப்பா பங்கு பிரித்துக்கொண்டு போயிருந்த எங்கள் வீட்டுச் சூழ்நிலையில், எனக்கு இசையைவிடப் பெரிய செய்தியாக இருந்தது.

நான் தமிழ்வழியில் படித்தவன். அவர்கள் பாடிய ஆங்கிலத்தில் பத்தில் இரண்டு சொல் எனக்குப் பிடிபட்டிருந்தால் அதிகம். நாடாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டபோது என்னைப் பிடித்து நிறுத்திய இடத்தில் ஆங்கிலமே இல்லை. ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ என்ற பாட்டு. இருட்டுச் சாலையில் தனியே நடப்பவனின் அச்சத்தைப் பற்றி ஹாரிஸ் எழுதி 1992இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் கிட்டார் ஒரு மெட்டை மெதுவாக வாசிக்கும். அந்த மெட்டை, சொல் ஒன்றும் இல்லாத அந்த மெட்டை, ரியோவின் கூட்டம் முழுவதும் ‘ஓ’ என்று சேர்ந்து பாடும். போர்த்துக்கீசிய மொழி பேசுகிறவர்கள் ஆங்கிலேயரின் கிட்டாரோடு சேர்ந்து பாடுகிறார்கள்; அங்கே எந்த மொழியும் தேவைப்படவில்லை. எனக்கும் அந்த இடம் மட்டும் முழுதாகத் தெரியும். பட்டறைக்குள் நின்று, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், தொண்டை கிழிய அதைப் பாடியிருக்கிறேன்.

அவர்கள் முதன்முதலில் இந்தியாவுக்கு வந்தது 2007ஆம் ஆண்டு மார்ச் 17, சனிக்கிழமை. நான் பொறியியல் கடைசி ஆண்டில் இருந்தேன். சீட்டுக்கான பணத்தைச் சேர்த்த கதை எல்லார் கதையையும் போலத்தான் என்பதால் விட்டுவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டை நண்பன் ஒருவனோடு விடியற்காலையில் புதிய பேருந்து நிலையத்தில் ஏறி, ஓமலூர், தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று வெயிலோடு சேர்ந்து போனோம். பெங்களூருக்குள் நுழைந்ததும் எடி என்ற அவர்களின் எலும்புக்கூட்டுச் சின்னம் போட்ட கறுப்புச் சட்டைகள் தென்படத் தொடங்கின. ஐந்து ஆண்டுகளாகக் கொண்டலாம்பட்டியில் எனக்கு மட்டுமே தெரிந்த ஒரு முகம், சிக்னலுக்குச் சிக்னல் யார் யாருடைய மார்பிலோ நின்றுகொண்டிருந்தது. முதலில் எனக்கு வந்தது பொறாமைதான். என்னுடையது என்று நினைத்த ஒன்றை இத்தனை பேர் வைத்திருக்கிறார்களே என்று இருந்தது.

மாலையில் முதலில் ஏறிய குழுக்களில் தில்லியின் பரிக்ரமாவும் ஒன்று. ராக் கச்சேரியில் வயலின் வாசித்தார்கள், நன்றாகத்தான் வாசித்தார்கள், எங்களுக்குப் பொறுமை இல்லை. பிறகு விளக்குகள் அணைந்தன, மெய்டன் வந்தார்கள்.

அப்போது நடந்ததைப் பலமுறை எழுத முயன்று கிழித்திருக்கிறேன். ‘மெய்சிலிர்த்தது’ என்று எழுதினால் பொய்யில்லை, ஆனால் எதையும் சொன்னதாகாது. நடந்தது மிகவும் எளிமையானது. ஐந்து ஆண்டுகளாக நான் அவர்களைக் கேட்டது பஞ்சு உறை போட்ட மலிவான ஹெட்போனில். அதில் கிட்டார் கேட்கும், குரல் கேட்கும். பேஸ் கிட்டாரும் பெரிய மேளமும் இருக்கின்றன என்று ஊகிக்கலாம், அவ்வளவே. அன்று முதல் பாட்டிலேயே அந்த மேளத்தின் அடி காதுக்கு வராமல் நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கியது. காற்சட்டைத் துணி அதிர்ந்தது. ஹாரிஸின் அந்தக் குதிரையோட்டம் தரையிலிருந்து செருப்பின் வழியாக முழங்காலுக்கு ஏறியது. எனக்கு அழுகை வந்தது. பெரிய மனிதர்களைப் பார்த்த பரவசத்தால் வந்த அழுகை இல்லை அது. நான் நேசித்த இசையில் பாதியை இதுவரை நான் கேட்டதே இல்லை என்பது தெரிந்தது. அந்த இல்லாத பாதியோ, பிறந்த நாள் முதல் எங்கள் வீட்டுச் சுவர் வழியாக என் கட்டிலுக்கு வந்துகொண்டிருந்த அதே அதிர்வு. கூலி கிடைக்கும் என்பதற்காக மட்டும் நாங்கள் பொறுத்துக்கொண்ட ஒன்றை, இத்தனை ஆயிரம் பேர் காசு கொடுத்து, கையை உயர்த்தி, வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய கச்சேரிகளைக் கோயில் திருவிழாவோடும் சாமியாட்டத்தோடும் ஒப்பிட்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சேலத்துக்காரனுக்கு ஆடி மாதம் தெரியும். கோட்டை மாரியம்மன் கோயிலில் பம்பை அடிப்பவர், எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துத்தான் அடியை ஏற்றுவார். அருள் இறங்கத் தொடங்குகிறது என்று தெரிந்தால் அவருக்கு மட்டுமாக அடியை மாற்றுவார். மேடையில் நிற்கும் குழு உங்களைப் பார்ப்பதில்லை. நீங்கள் வரவில்லையென்றாலும் அதே பாட்டு அதே வரிசையில் நடக்கும். நீங்கள் அவர்களுக்கு யாருமில்லை என்பது தெரிந்தும் உள்ளம் உருகுவதே இதில் வியப்பு. குகை மாரியம்மன் வண்டி வேடிக்கையில் தெய்வ வேடமிட்டவர்கள் வண்டிகளில் நகர்ந்துபோவதைத் தெருவோரம் நின்று பார்க்கும்போது நேர்வது இதற்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கலாம்.

ஒரே ஓர் இடத்தில் இந்த வேறுபாடு அழிந்தது. ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ தொடங்கி, கிட்டார் அந்த மெட்டை எடுத்ததும் மைதானம் பாடியது. நாங்கள் பாடாவிட்டால் பாட்டில் ஒரு பகுதி இல்லாமற்போகும் என்ற நிலை அந்தச் சில நிமிடங்களில் உண்மையாகவே இருந்தது. ரியோவின் நாடாவில் நான் கேட்ட அந்தக் கூட்டத்தில் இப்போது நானும் இருந்தேன். என் தோளில் கைபோட்டுப் பாடியவர் எந்த ஊர்க்காரர், எந்த மொழிக்காரர் என்று கடைசிவரை தெரியவில்லை. பட்டறையில் யாருக்கும் கேட்காமல் பாடிய பாட்டை அங்கேயும் அப்படித்தான் பாடினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.

இரவுப் பேருந்தில் தொப்பூர்க் கணவாயைத் தாண்டி விடியும்முன் வீட்டுக்கு வந்தபோது அம்மா தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் காதுக்குள் வண்டு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. நான் கத்திக் கத்தி விவரித்ததைக் கேட்டு அப்பா சிரித்தார். “மொத நாள் தறி ஓட்டுனவன் மாதிரியே கத்தற சாமி. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்” என்றார். எனக்குச் சரியாகிவிட்டது.

2009இல் அவர்கள் மறுபடி பெங்களூருக்கு வந்தார்கள். இடையில் 2008இன் மின்வெட்டு வந்திருந்தது. நாளில் பல மணி நேரம் தறிகள் நின்றன. கொண்டலாம்பட்டித் தெருக்களில் காகம் கத்துவது கேட்டது. அந்த அமைதியில் எல்லாருக்கும் தலைவலி வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளங்களில் இரண்டு சீட்டு வாங்கியிருந்தேன். செவ்வாய்ப்பேட்டை நண்பனுக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல். தொப்பூரை இரவில் தனியாகத் தாண்டக்கூடாது, நிதம் ஒரு லாரி அங்கே கவிழ்கிறது என்று அம்மா பிடிவாதமாக நின்றார். “நீங்க கூடப் போயிட்டு வாங்க” என்று அப்பாவிடம் சொன்னார். எந்தப் பட்டறை ஓடுகிறது, ஓடாத பட்டறைக்குக் காவலா இருக்கப்போகிறேன் என்று அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்படித்தான் அப்பா அரண்மனை மைதானத்துக்கு வந்தார். நீண்ட முடி வைத்த பையன்கள் அவருக்கு வழிவிட்டார்கள், சிலர் கும்பிட்டார்கள், ஒருவன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டான். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்று கொடுத்தார். முன்னால் நெரிசலில் அவரை அழைத்துப்போக முடியாது என்பதால் மேடையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, ஒரு கம்பத்தடியில் இடம் பிடித்தேன். எனக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது, முன்வரிசையை அப்பாவுக்காக விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று. அந்தக் குறை வெகுநேரம் நிற்கவில்லை.

முதல் பாட்டின் நடுவில் அப்பா என் கையைத் தட்டி மேடையைக் காட்டினார். பிறகு இரண்டு கை முஷ்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிக் காட்டி, முகத்தைச் சுளித்தார். எனக்கு உடனே புரிந்தது. மேளக்காரர் நிக்கோ மெக்பிரெயினின் குச்சி பெரிய திரையிலும் மேடையிலும் விழுவது ஒரு கணம், ஓசை எங்களிடம் வருவது அதற்குப் பிந்திய கணம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும்; எங்கள் தூரத்துக்கு அது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதம். அங்கே நின்ற எத்தனையோ பேர் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். தறிக்காரருக்கு அது பொறுக்கவில்லை. தறியின் நாடா பெட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள், இழையை அடித்து நெருக்கும் அச்சு வந்து அடித்துவிட்டால், நடுவில் நாடா மாட்டி, நீளவாட்டில் ஓடும் பாவில் நூற்றுக்கணக்கான இழைகள் ஒரேயடியாக அறுந்துபோகும். பிறகு ஒருநாள் முழுவதும் உட்கார்ந்து பிணைக்கவேண்டும். காலம் தவறுகிற எதைப் பார்த்தாலும் அவர் கை தானாக நிறுத்துகோலைத் தேடும். நான் கையாலேயே தூரத்தையும் காற்றையும் காட்டி விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார், ஏற்றுக்கொண்டேன், ஆனாலும் சரியில்லை என்பதைப்போல.

அப்போதுதான் எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்ததைக் கவனித்தேன். பக்கத்தில் நின்ற எல்லாரும் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்தி, ‘என்ன? என்ன?’ என்று கேட்டு, கடைசியில் சிரித்துக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அப்பாவும் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டேன், வேண்டாம் என்றார். கால் வலிக்கிறதா என்றேன், நான்கு தறிக்கு நடந்த கால் என்றார். அந்த முடிக்காரன் ஏன் கிட்டாரைச் சுழற்றுகிறான், கை தவறினால் யார் தலையில் விழும் என்று கேட்டார். அது யானிக் கெர்ஸ், அவர் எப்போதும் அப்படித்தான் என்றேன். நடுவில் காலை ஒலிபெருக்கிமேல் தூக்கிவைத்து நின்ற ஹாரிஸைக் காட்டி, இவர்தான் மேஸ்திரியா என்றார். ஆமாம் என்றேன். அப்பா அந்த ஹாரிஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரிஸ் மைக் இல்லாமலே ஒவ்வொரு சொல்லையும் வாயசைத்துக்கொண்டிருப்பவர். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் உதட்டைப் படிக்கும் பழக்கம் அப்பாவை விடவில்லை. வீட்டில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. என் படிப்பு, வேலை, அவர் கடன் எல்லாம் அம்மா வழியாகத்தான் எங்களுக்கிடையே போய்வரும். எங்கள் இருவருக்கும் இயல்பாக வந்த ஒரே மொழி பேரொலிக்குள் மட்டும் பேசப்படும் மொழி என்பதும், தறிகள் நின்றுபோன அந்த ஓராண்டாக நாங்கள் ஏறத்தாழ ஊமைகளாக இருந்துவந்தோம் என்பதும், அங்கே அந்தக் கம்பத்தடியில்தான் எனக்குத் தெரிந்தன.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. கிட்டார் மெட்டை எடுத்தது. மைதானம் ‘ஓ’ என்று எழுந்தது. நான் அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்ற கூச்சத்தையும் மறந்து பாடினேன். சற்று நேரத்தில் என் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், ஓர் உள்ளங்கை பதிந்தது. தட்டிக்கொடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. விரல்களை விரித்து, அசையாமல் வைத்திருந்தார். திரும்பிப் பார்த்தபோது அவர் கண்கள் மூடியிருந்தன. பாட்டு முடியும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

திரும்பும் வழியில் பேருந்தில் எது பிடித்தது என்று கேட்டேன். “அந்த மேஸ்திரி இழுத்தாரே கம்பி, அதும் மேளமும் சுத்தமாக் கேட்டுது. மத்தவங்க எல்லாம் சும்மா கையத்தான் ஆட்டுனாங்க” என்றார். மூன்று கிட்டார்களை, உலகம் புகழும் அந்தக் கலைஞர்களை, இப்படி ஒரே வரியில் தள்ளிவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு. கேலி செய்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். நண்பர்களிடம் இதை நகைச்சுவையாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பாடகரின் உச்சக் குரலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லாததை நான் கவனிக்கவே இல்லை.

தறிகளைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு எடைக்குப் போட்டார். அப்பாவுக்குக் காது மந்தம் என்பது மெல்ல மெல்ல வீட்டின் வழக்கமாயிற்று. தொலைக்காட்சியின் ஒலியை ஏற்றினோம், பேரக்குழந்தைகள் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், அதற்கும் யாரும் காரணம் தேடவில்லை.

சென்ற மாதம், மருத்துவர் அழைப்பதற்காக நடையில் காத்திருந்தபோது, அவரிடம் செய்தி ஒன்றைச் சொன்னேன். மெய்டனின் மேளக்காரர் 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து, தேறி, மறுபடி மேடையேறி, 2024 டிசம்பரில் தன் 72ஆவது வயதில் சுற்றுப்பயணங்களிலிருந்து விலகிக்கொண்டார் என்று. இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அப்பா கேட்டார்: “அவருக்குக் காது கேக்குதாமா?” நான் சிரித்துவிட்டு, கைபேசியில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினேன். திரையைப் பார்த்தார், பொத்தானை அழுத்தி ஒலியை முழுவதும் ஏற்றினார், நடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “படம் மட்டும் ஓடுது சாமி” என்று திருப்பிக் கொடுத்தார். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகத் தர முடியாது. பெரும்பாலும் உயர்ந்தவற்றையே அது தரும். அவரிடம் இருப்பவை அதில் இல்லை, அதில் இருப்பவை அவரிடம் இல்லை.

பிறகு அழைத்தார்கள். கண்ணாடிச் சாளரம் வைத்த சிறிய அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்டதும் அழுத்துமாறு கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார் அங்கிருந்த பெண். நான் வெளியே, அந்தப் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். முதலில் அப்பா உற்சாகமாக அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இங்கே சின்ன விளக்கு எரிந்தது. அந்தப் பெண் குமிழைத் திருப்பத் திருப்ப விளக்கு எரிவது குறைந்தது. பிறகு வெகுநேரம் எரியவில்லை. அவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். உள்ளே அப்பா கட்டைவிரலைப் பொத்தான்மேல் தயாராக வைத்துக்கொண்டு, நல்ல மாணவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி வழியாக என்னைத் தேடிப் பார்த்தார். இடது கையை உயர்த்தி, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்து, அசையாமல் பிடித்து, புருவத்தை உயர்த்தினார்.

நான் கை முஷ்டியை மடக்கிப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினேன்.